உன் அம்மா பேசிய தட்டு

சகாயம்,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாரே என்று உனக்குச் சிரிப்பு வரலாம். நீ நந்தனத்தில் உன் ஆபீசில் இருக்கிறாய். நான் சாந்தோமில் உன் மேஜையில் உட்கார்ந்து உன் பேனாவாலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் நீ வந்ததும் வாயால் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் மூன்று வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ செருப்பைக் கழற்றும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். "சாப்ட்டீங்களாப்பா?" என்று நீ கேட்பாய். நான் ரசத்தில் உப்புக் கூடிப்போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். இனி என் வாயை நம்பிப் பிரயோசனம் இல்லை. கை செய்த காரியம் இது, கையே எழுதட்டும்.

போன ஞாயிறு காலை, கோயிலில் உனக்கும் நிர்மலாவுக்கும் மூன்றாம் முறையாகக் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் படித்தபோது, மாப்பிள்ளையின் தகப்பன் என்ற தோரணையில் நானும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் நிர்மலா அழைப்பிதழ்க் கட்டை எடுத்துக்கொண்டு அடையாற்றிலிருந்து வந்தாள். நான் சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தேன். கூடத்துக் கண்ணாடி அலமாரியைப் பார்த்து அவள் கேட்டது காதில் விழுந்தது.

"அது இன்னா, அந்தச் சின்னப் பெட்டி? கேமராவா?"

"இல்ல, ரெக்கார்டர். மினி டிஸ்க்னு சொல்வாங்க. சிங்கப்பூர்ல வாங்கினேன்."

"வேலை செய்யுதா?"

"செய்யும். நான் தொடறதில்ல." பிறகு சொன்னாய்: "எங்கம்மாவோட குரல் ஒரே ஒரு ரெக்கார்டுல இருந்துச்சு. அத இதுல ஏத்தறேன்னு ஆரம்பிச்சு நான்தான் அழிச்சிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால உன்கிட்ட சொல்லிடணும்னு நெனச்சேன்."

"தெரியாம நடந்ததுதானே?"

"தெரிஞ்சுதான். பேட்டரி போட்டு வெச்சிருக்கணும். சோம்பேறித்தனம். அப்பா அன்னிக்கு ஒரு வார்த்த திட்டல. அதான் இன்னும் தாங்க முடியல."

காப்பியில் ஆடை படிகிற வரைக்கும் நான் அடுப்படியிலேயே நின்றேன். நீ செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லி, கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் முன்னால் தலைகுனிந்து நின்றாய். செய்தவன் பத்தடி தள்ளி டம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் நீங்கள் இருவரும் மஸ்கட்டுக்குப் போகிறீர்கள். அந்தப் பாரத்தை நீ பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக நான் விடக்கூடாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தத் தட்டு எப்படிப்பட்டது என்று உனக்குச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நான் உனக்குச் சொன்னதெல்லாம் 'தொடாதே' மட்டும்தான். தி.நகரில் ஒரு மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்குத் தட்டு வெட்டுகிற வேலை என்பது உனக்குத் தெரியும். கடையில் விற்கிற இசைத்தட்டை அச்சில் அழுத்தி ஆயிரக்கணக்கில் எடுப்பார்கள். நான் வெட்டியது வேறு ஜாதி. அலுமினியத் தகட்டின் மேல் கறுப்பு அரக்குப் பூச்சு இருக்கும். உள்ளே ஒருவர் பாடப் பாட, மெஷினின் ஊசி அந்தப் பூச்சில் கோடு கீறிக்கொண்டே போகும். பாடி முடித்த அடுத்த நிமிஷமே போட்டுக் கேட்கலாம். பாட்டு சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும், நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவதற்கும்தான் அது. ஒரே பிரதி, மிகவும் மெத்தென்ற பூச்சு. கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஊசி கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். இருபது தடவைக்கு மேல் போட்டால் குரல் மங்க ஆரம்பிக்கும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

வெட்டும்போது மெல்லிய கறுப்பு நூல் சுருள் சுருளாகக் கிளம்பி வரும். என் சட்டையெல்லாம் ஒட்டியிருக்கும். அம்மா அதை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபடி, "எந்தப் பொம்பள மயிருன்னு சந்தேகப்படக்கூட முடியலியே, இவ்ளோ நீளமா யாருக்கு இருக்கும்" என்பாள். ஆனால் அந்த நூல் பொல்லாதது. ஒரு பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். அதனால் வேலை முடிந்ததும் செய்யவேண்டிய மூன்று காரியங்களைச் சுவரில் சிவப்புச் சாயத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஊசியைத் தூக்கு, மோட்டாரை நிறுத்து, சுவர் சுவிட்சை அணை. பதினெட்டு வருஷம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இந்த மூன்றையும் செய்திருப்பேன். போகப் போகத் தலைக்கு அதில் வேலையே இல்லாமல் போயிற்று. கை தானாகச் செய்துவிடும். வீட்டிலும் ஃபேன், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எதுவானாலும் சுவரில் அணைத்தால்தான் எனக்கு நிம்மதி. "அப்பாவ விட்டா மாதா மாடத்து பல்பையும் அணைச்சிட்டுத்தான் தூங்குவாரு" என்று நீயே கேலி பண்ணியிருக்கிறாய்.

அம்மா பேசியது ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து உன்னையும் தூக்கிக்கொண்டு என்னோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தாள். உனக்கு அப்போது பத்து மாதம் இருக்கும். முதல் நாள் வேலையில் ஒரு தட்டு மிஞ்சியிருந்தது. விளிம்பில் பூச்சு கொஞ்சம் சரியில்லை, யாருக்கும் கொடுக்க முடியாது. வீணாக்குவானேன் என்று அவளை மைக் முன்னால் உட்கார வைத்துப் பாடச் சொன்னேன். பாடமாட்டேன் என்றாள். சரி, ஏதாவது பேசு என்றேன். மூன்று நிமிஷம் பேசினாள். அவள் நாலாம் வகுப்பு டீச்சர் இல்லையா, வராந்தாவில் நின்று பெயரைக் கூப்பிட்டால் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை திரும்பிப் பார்க்கும். அத்தனை கணீரென்ற குரல். மைக்கிலிருந்து தள்ளி உட்கார் என்று நான் சைகை காட்ட வேண்டியிருந்தது. அடுத்த ஆடி மாதம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தாள். அதன் பிறகு அவள் குரல் என்று இந்த உலகத்தில் இருந்தது அந்த மூன்று நிமிஷம்தான்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் நாம் என்ன செய்வோம் என்பது உனக்கு நினைவிருக்கும். மெழுகுவர்த்தியும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போவோம். திரும்பி வந்து கைகால் கழுவியதும் நான் பீரோவைத் திறந்து, உறையிலிருந்து தட்டை எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் உனக்குக் காட்டுவேன். "இதுக்குள்ளதான் அம்மா பேசறாங்க" என்பேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்ப்பாய். பிறகு திரும்ப உறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். போட்டுக் காட்ட மாட்டேன். போட்டால் தேய்ந்துவிடும், நீ பெரியவன் ஆனதும் கேட்கலாம் என்று சொல்லிவைத்திருந்தேன். ஐந்து வயதில் ஒரு தடவை அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தாய். "கேக்குதுப்பா" என்றாய். நான் தலையாட்டினேன்.

ஒன்பது வயதில் பீரோச் சாவியைக் கண்டுபிடித்துத் தட்டை எடுத்துவிட்டாய். பக்கத்துப் போர்ஷனில் ஒரு பழைய பிளேயர் இருந்தது, அதில் போட்டுக் கேட்கலாம் என்று மாடிப்படி வரைக்கும் போய்விட்டாய். நான் உன்னை அங்கேயே பிடித்து, படியிலேயே வைத்து அறைந்தேன். உன் காது சிவந்து போனது. "நான் கேட்டதே இல்லப்பா, ஒரே ஒரு வாட்டி" என்று அழுதாய். ஒரே ஒரு வாட்டி என்று ஆரம்பித்தால் ஒன்றுமே மிஞ்சாது என்று உனக்குப் பிரசங்கம் செய்தேன். அந்த அறைக்கு இதுவரை நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஆனால் அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதை இந்தப் பாராவிலேயே எழுதிவிடுகிறேன், அடுத்த பக்கம் திருப்பினால் மனசு மாறிவிடும்.

நான் கேட்டேன், சகாயம். நீ பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது கேட்டேன். அந்தத் தட்டைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். கேசட் வந்து கூடத்தை மூடியபோது அந்தப் பழைய டர்ன்டேபிளை வீட்டுக்குக் கொண்டு வந்தேனே, ஒரு ஞாபகத்துக்கு என்று உன்னிடம் சொன்னேனே, அது இதற்காகத்தான். நீ சனிக்கிழமை ஞானோபதேச வகுப்புக்குப் போவாய், நான் கேட்பேன். நீ காலேஜ் போவாய், நான் கேட்பேன். உன்னைப் படியில் வைத்து அடித்த அதே வாரம் கூடக் கேட்டேன். எத்தனை தடவை என்று என்னைக் கேட்காதே. இருபதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டுதான் ஊசியை இறக்குவேன்.

எது முதலில் தேயும் என்று தொழிலில் பழகிய என் காதுக்குத் தெரியும். அவளுடைய 'ச' ஓசை முதலில் போயிற்று. பிறகு சிரிப்பின் நுனி போயிற்று. பிறகு முழுக் குரலும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுவதுபோல ஆனது. தெரிந்தேதான் கேட்டேன். எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. உனக்குத் தாய் இல்லை என்று ஊரே உன்மேல் இரக்கப்பட்டது, நானும் பட்டேன், ஆனால் உன் பங்கையும் சேர்த்து நானே கேட்டுத் தீர்த்தேன்.

மூன்று வருஷத்துக்கு முந்திய கல்லறைத் திருநாளில், மெட்ராஸைச் சென்னை என்று மாற்றிய வருஷம் அது, வழக்கம்போலத் தட்டை எடுத்துக் காட்டினேன். நீ பயிற்சி முடிந்து சிங்கப்பூரிலிருந்து திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தட்டின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. நீ கையைப் பின்னால் கட்டவில்லை. முதல் தடவையாக அதை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தாய்.

"அப்பா, இது செத்துக்கினு இருக்குப்பா."

அரக்கு உலர்ந்து உள்ளிருக்கும் எண்ணெய் வெளியே வருகிறது என்று எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றேன். நீ விடவில்லை. கண்ணாடி அலமாரியிலிருந்து அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து வந்து, அதன் வயிற்றைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு குட்டித் தட்டைக் காட்டினாய். பிஸ்கட் அளவுதான் இருந்தது. இதில் ஏற்றிவிட்டால் தேயவே தேயாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றாய். எனக்குச் சுருக்கென்றது. கோடே இல்லாத தட்டு ஒரு தட்டா என்று கிண்டல் பண்ணினேன். உண்மையில் எனக்குப் பயம். ஏற்றுவதற்கு முன்னால் நீ கேட்பாய், கேட்டால் அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துபோகும். கடைசியில் அடுத்த ஞாயிறு செய்யலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

அந்த ஞாயிறும் மழைதான். வீட்டுக் கூடத்தில் டர்ன்டேபிளை வைத்து, புது ஊசி மாட்டினேன். ஒரே பிளக் பெட்டியில் டர்ன்டேபிளும் உன் ரெக்கார்டரும் சொருகியிருந்தன. பேட்டரி ஆபீஸ் டிராயரில் இருக்கிறது, கரண்டிலேயே ஓடட்டும் என்றாய். நான் தட்டை மெல்லிய துணியால் துடைத்து ஊசியை இறக்கினேன். உனக்கு இருபத்தேழு வயது. அம்மா பேச ஆரம்பித்ததும் நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். மூன்று நிமிஷமும் உன் முகத்தை நான் பார்க்கவில்லை, ஊசியைத்தான் பார்த்தேன். அதன் நுனியில் கறுப்புச் செதில் சேர்ந்துகொண்டே வந்தது. பேச்சு முடிந்ததும் நீ ரெக்கார்டரை நிறுத்தினாய். "அம்மாவுக்கு இவ்ளோ மெதுவான குரலாப்பா?" என்று கேட்டாய்.

"ஆமா" என்றேன்.

அதுவும் பொய். நீ எழுந்து முகம் கழுவப் போனாய். போகும்போது திரும்பிச் சொன்னாய்: "அந்தப் பெட்டியத் தொடாதீங்கப்பா. எழுத்து மின்னுது பாருங்க? இன்னும் உள்ள எழுதி முடிக்கல. நான் வந்து எடுக்கறேன். அதுவரைக்கும் கரண்ட் போவக்கூடாது."

கேட்டேன். நன்றாகக் காதில் விழுந்தது. எனக்கா தட்டைப் பற்றிச் சொல்லித் தருகிறாய் என்று உள்ளே ஒரு எரிச்சலும் வந்தது. வெட்டின தட்டு வெட்டினதுதானே, அதற்கு அப்புறம் கரண்டுக்கு அங்கே என்ன வேலை? குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. என் கை ஊசியைத் தூக்கியது. மோட்டாரை நிறுத்தியது. சுவர் சுவிட்சை அணைத்தது.

மின்னிக்கொண்டிருந்த எழுத்து மறைந்தது. அந்த நொடியே திரும்பப் போட்டுவிட்டேன். பெட்டி முனகிவிட்டு விழித்துக்கொண்டது, தட்டில் ஒன்றுமே இல்லை என்று ஆங்கிலத்தில் காட்டியது. மேல் போர்ஷனில் ரேடியோ நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. நம் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது நான் சொன்னேன், வாய் கூசாமல் சொன்னேன்: "கரண்டு போயிட்டு வந்துச்சுப்பா."

நீ ஒரு தடவை மேலே நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். ஃபேன் வேகம் குறையக்கூட இல்லை. ரேடியோவைக் கேட்டிருந்தால் போதும். நீ எதையும் சந்தேகப்படவில்லை. அப்பா பொய் சொல்லுவார் என்பது உன் எண்ணத்திலேயே இல்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, பொத்தான்களை அழுத்திப் பார்த்து, இன்னொரு தடவை போடலாம்பா என்றாய். போட்டோம். விளிம்பில் பூச்சு தோலாக உரிந்து ஊசியோடு வந்தது. இரைச்சல்தான் கேட்டது. பாதித் தட்டுக்கு மேல் போனதும், "வேணாம்பா, நிறுத்துங்க, மிச்சத்தையும் கெடுத்துட வேணாம்" என்றாய். நான் நிறுத்தினேன். நீ சுவரில் சாய்ந்துகொண்டு, "என் தப்புப்பா. பேட்டரி போட்டிருக்கணும்" என்றாய். அப்போது நான் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. உன் தோளில் கை வைத்து, "போவட்டும்பா, விடு. உன் மேல கோவம் இல்ல" என்றேன். என் குற்றத்துக்கு உன்னை மன்னித்தேன், சகாயம். நீ அழுதாய். நான் பெரிய மனுஷனாக நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார் கேட்டுவிட்டு, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள், பிறகு வீட்டுக்குப் போய் மகனிடம் சொல்லுங்கள் என்றார். மந்திரத்தை அங்கேயே முட்டி போட்டுச் சொல்லி முடித்தேன். மூன்றுக்குப் பத்தாகவே சொன்னேன். இரண்டாவதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் பட்டதைச் சொல்கிறேன். நிர்மலாவிடமிருந்து எதையாவது, கெட்டுப்போய்விடும் அப்புறம் பார்க்கலாம் என்று பூட்டி வைக்காதே. அப்படிப் பூட்டி வைக்கிறவன் சாவியைத் தன் இடுப்பில்தான் வைத்துக்கொள்கிறான். அன்றைக்கே, நீ ஐந்து வயதில் காதை வைத்தபோதே, உன்னை மடியில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டியிருக்கலாம். சேர்ந்து கேட்டே தேய்ந்து போயிருக்கும், போகட்டும். உனக்கு அவளுடைய 'ச' தெரிந்திருக்கும். இன்னொன்று. அவள் ஒரு வேலையில் உன்னைத் திருத்தினால், உனக்கு எத்தனை வருஷப் பழக்கம் இருந்தாலும், கையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேள். யாராவது உன்னிடம் வந்து தப்பு என்னுடையது என்று அழுதால், அது நிஜமாகவே அவர்களுடையதுதானா என்று முதலில் உன் கையைப் பார்த்துக்கொள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

உனக்கு நான் திருப்பித் தரக்கூடியது இரண்டே இரண்டுதான். ஒன்று, அவள் பேசியது. நீ ஒரு தடவை, அதுவும் மங்கிப்போன பிறகு கேட்டாய், பாதி புரிந்திருக்காது. எனக்கு மனப்பாடம். ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். இதைக் கணீரென்ற குரலில், கொஞ்சம் வேகமாகப் படித்துக்கொள்:

"ஓடுதா? இன்னா சொல்றது? ... பாட்டெல்லாம் பாடமாட்டேன், போங்க. சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது. ... சரி. என் பேரு ரெஜினா. காலையில பூசைக்குப் போனோம். மழை. கொடைய இவரு மறந்துட்டாரு, மறந்துட்டு, மறந்தது நான்னு என் மேல போடறாரு. வஞ்சிரம் வாங்கியாரச் சொன்னா சங்கரா வாங்கியாந்திருக்காரு, கேட்டா ரெண்டும் மீன்தானேங்கறாரு. இத எழுதிக்கோ மெஷினு, நாளைக்கு இல்லன்னுவாரு. ... இவன் பேரு சகாயம். சகாய மாதாவுக்கு நேர்ந்துகிட்டுப் பொறந்த புள்ள. கோயில்ல வெச்ச பேரு அது, நான் தம்புன்னுதான் கூப்புடுவேன். பல்லு ரெண்டு வந்திருக்கு. நேத்து என்னக் கடிச்சிட்டான். ... தம்பு, இங்க பாரு, அப்பா பொட்டி. தொடாத. ஐயோ, தொடாதடா கண்ணு. ... அழாத தம்பு. அழாத. அப்பா இப்ப நிறுத்திடுவாரு. நாம வீட்டுக்குப் போலாம், சரியா?"

அத்தோடு முடிகிறது. குடையைப் பற்றி அவள் சொன்னதை நீயும் கவனித்திருப்பாய். தப்பைச் செய்துவிட்டு அடுத்தவர் மேல் போடுகிற புத்தி எனக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் நான் அதை வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு கேட்டு வந்தேன். உனக்கு அப்படிச் செய்த பிறகுதான் அந்த வரி எனக்கெதிரான சாட்சியாகக் கேட்கிறது, தட்டே ஓடாவிட்டாலும்.

இரண்டாவது, தட்டு. அது முழுசும் போய்விட்டது என்று நீ நினைக்கிறாய். நானும் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நீ நிறுத்தச் சொன்னாயே, அதற்கு உள்ளே இருக்கிற வட்டங்களை ஊசி இரண்டாம் தடவை தொடவே இல்லை. முந்தாநாள் பூதக்கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு உரியாமல் இருக்கிறது. உன்னிடம் 'தொடாத' என்று சொல்வதிலிருந்து கடைசி வரைக்கும் இருக்கும். அதிகம் போனால் அரை நிமிஷம். ஒரு தடவை தாங்கும். இரண்டாவது தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது. மூன்று வருஷமாக நான் அதைப் போடவில்லை. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை, எழுதி மட்டும் வைக்கிறேன்.

நாளைக்குச் சாயங்காலம் நிர்மலா வருகிறாள் இல்லையா? கூடத்தில் டர்ன்டேபிளைத் துடைத்து, ஊசி மாற்றி, ஊசியை எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் உன் ரெக்கார்டர் இருக்கிறது. அதில் புதுப் பேட்டரி போட்டிருக்கிறேன். பதிவு செய்வதும், சும்மா கேட்பதும், போடாமலே எடுத்துக்கொண்டு போவதும் உன் இஷ்டம். பீரோச் சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், இனி அது உன்னிடம்தான் இருக்க வேண்டும். நான் வீட்டில் இருக்கமாட்டேன். கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். என்மேல் கோபம் வந்தால் அங்கே வந்து திட்டு. அன்றைக்கு நான் திட்டாதது உன்னை எவ்வளவு வதைத்தது என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்துகொண்டேன், அதனால் எனக்கு அந்தத் தயவைச் செய்யாதே.

அவள் உன்னைக் கூப்பிட்ட பெயரை, அவள் போன பிறகு நான் ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. அது தட்டுக்குள் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும் என்று அதையும் நானே வைத்துக்கொண்டேன். நிர்மலாவிடம் நீ சொன்னதை மாற்றிச் சொல்லிவிடு. அம்மாவைத் தொலைத்தது நீ இல்லை, தம்பு.

அப்பா